பதினாலாம் கட்டிலுக்குப் போன அட்டை

சுண்டுவின் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. அதனால்தான் வகுப்பில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் அதையே சுருக்கி சுண்டு ஆக்கிக்கொண்டார்கள்.

அன்று ஆங்கில டீச்சரின் தகர டப்பாவில் கையை விட்டு அவள் ஒரு சீட்டு எடுத்தாள். சீட்டில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு மறுநாள் எல்லார் முன்னாலும் நின்று பொருள் சொல்ல வேண்டும். அதை வைத்து மூன்று வாக்கியங்களும் சொல்ல வேண்டும்.

சீட்டில் ‘ஃபிளவர்’ என்று இருந்தது.

“அட, பூ! ரொம்ப ஈஸி!” என்று வகுப்பே கூவியது.

சுண்டு சீட்டைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். கஷ்டமான சொல்லில் தடுமாறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பூவுக்கே தடுமாறினால் வருஷம் முழுக்கச் சிரிப்பார்களே!

“புத்தகத்துல இருக்கிற வாக்கியம் வேண்டாம். உன் கண்ணால பார்த்ததைச் சொல்லணும்” என்று டீச்சர் வேறு சொல்லிவிட்டார்.

பூவைப் பார்ப்பதற்கு அவளுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சித்தி பூக்கடை வைத்திருந்தாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை சுண்டு தினமும் அங்கேதான் இருப்பாள்.

நோயாளிகளுக்குப் பூங்கொத்து அனுப்புகிறவர்கள் சித்தியிடம் போனில் செய்தி சொல்வார்கள். சித்தி அதை ஓர் அட்டையில் எழுதித் தட்டில் கவிழ்த்து வைப்பாள். அதை யாரும் புரட்டிப் படிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம்.

“அது அடுத்தவங்க மனசு. நாம எட்டிப் பார்க்கலாமா?” என்பாள் சித்தி.

சாயங்காலம் சுண்டு ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு வாக்கியங்கள் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது வருவேனா என்றது. அப்போது சித்தி வாடிய பூக்களை வாளியிலிருந்து அள்ளிக் குப்பையில் போட்டாள்.

சுண்டு உடனே ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினாள்: ‘திஸ் ஃபிளவர் வில் டை இன் டூ டேஸ்.’ இந்தப் பூ இரண்டு நாளில் செத்துப்போகும். கண்ணால் பார்த்ததுதானே!

“சுண்டு, அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டா!” என்று சித்தி கூப்பிட்டாள்.

சுண்டு பழக்க தோஷத்தில் தன் அட்டையைத் தட்டில் இருந்த அட்டையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது தட்டில் ஓர் அட்டைதான் இருந்தது. தன்னுடையது என்று நினைத்து அதைப் புரட்டினாள். சித்தியின் கையெழுத்து!

‘அப்பா, பயப்படாதீங்க. காலையில ஆபரேஷனுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். உங்க மகள்.’

பூ கொண்டுபோகும் அண்ணன் மேலே இருந்த அட்டையைச் செருகிக்கொண்டு போய்விட்டார். கடையின் சட்டப்படி அவரும் படித்துப் பார்க்கவில்லை. ஆர்டர் நோட்டில் ‘கட்டில் 14’ என்று இருந்தது.

நாளைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவருக்கு ‘இரண்டு நாளில் செத்துப்போகும்’ என்று அட்டை போயிருக்கிறது! அவர் எப்படித் தூங்குவார்? பயத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

சித்தியோ, ஒரு கல்யாணக் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கி நின்றாள். மணி ஆறாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ஆறு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குள் விட மாட்டார்கள்.

“சித்தி, ஒரு அட்டை மாறிப்போச்சு! குடுத்துட்டு வந்துடறேன்!”

சித்திக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினாள். சுண்டு கடையின் பச்சை ஏப்ரனை மாட்டிக்கொண்டாள். அது கணுக்கால்வரை தொங்கியது.

காவலர் ஏப்ரனைப் பார்த்தார். அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். பிறகு, “பூக்கடையா? சீக்கிரம் வந்துடணும்” என்று வழி விட்டார்.

உள்ளே மருந்து வாடை அடித்தது. நீளமான நடையில் அவள் செருப்புச் சத்தமே அவளைத் துரத்தியது. எங்கோ ஒருவர் முனகினார். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் கையில் இருந்த அட்டையை என்ன செய்வது?

பதினாலாம் கட்டிலில் மலை மாதிரி ஒருவர் படுத்திருந்தார். மீசை காதைத் தொட்டது. அவர் நெஞ்சின் மேல் அந்த அட்டை இருந்தது.

“யாரும்மா நீ?”

“பூ... பூக்கடை...”

“நல்ல நேரத்துல வந்தே! நான் லாரி டிரைவர். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என் பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டு.”

சுண்டு அட்டையை வாங்கினாள். அவருக்கு ஒன்றுமே தெரியாது! மகள் சொன்னதை இதில் இருப்பதுபோலவே படித்துவிட்டுப் போய்விடலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

ஆனால் ராத்திரி இவர் ஒரு நர்ஸிடம் இதைக் காட்டிப் பெருமையடித்தால்? அப்போது இவர் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

“மாமா, இது உங்க பொண்ணு எழுதினது இல்ல. நான் எழுதினது. பள்ளிக்கூடப் பாடம். மாறி வந்துடுச்சு. இதான் உங்களோடது.”

மகளின் அட்டையை அவர் இரண்டு தடவை படித்தார். “வர்றாளா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அது சரி, நீ என்ன எழுதினே?” என்றார்.

தப்பிக்க வழியில்லை. சுண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். “இந்தப் பூ ரெண்டு நாள்ல செத்துப்போகும்.”

அப்புறம் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. ஐயோ, அழுகிறாரே என்று கண்ணைத் திறந்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“சிரிக்க வைக்காதே தாயி, வலிக்குது! இதையா நெஞ்சுல வெச்சுட்டுப் படுத்திருந்தேன்!”

“கோபம் இல்லையா மாமா?”

“கோபமா? காலையிலேருந்து பயத்துல கிடக்கேன். பொண்ணு போன் பண்ணா எடுக்கக்கூட இல்ல, அழுதுடுவேனோன்னு. மீசைதான் பெருசு எனக்கு.”

“எனக்கும் நாளைக்குப் பயம்தான். எல்லார் முன்னாலயும் பேசணும்.”

“இப்ப பேசலியா? என்னைவிடப் பயங்கரமான ஆளா உன் வகுப்புல இருக்காங்க?”

சுண்டு யோசித்துப் பார்த்தாள். இல்லைதான்.

“ஆமா, ரெண்டே நாள்தான் தாங்குமா இது?”

“தினமும் தண்ணி மாத்தினா இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.” அவளே ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

“உன் அட்டையும் இங்கயே இருக்கட்டும். பார்த்துடுவோம் ஒரு கை” என்றார் அவர்.

மறுநாள் காலை வகுப்பில் சுண்டு எழுந்து நின்றாள். இந்நேரம் அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பொருளைச் சொன்னாள். மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் “சரி” என்று தலையசைத்தபோதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. மூன்றாவது வாக்கியத்தைச் சொன்ன வாய் கசந்தது. அன்று மாலை, “இன்னிக்கு யாரையும் பார்க்க விட மாட்டாங்க” என்று காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளே விட்டார்கள். சுண்டு படியேறி ஓடினாள்.

பதினாலாம் கட்டில் காலியாக இருந்தது. ஒரு நர்ஸ் விரிப்பை உருவி மடித்துக்கொண்டிருந்தாள். ஜாடியும் இல்லை, அட்டையும் இல்லை.

சுண்டு கட்டிலருகே நின்றுவிட்டாள். நான் எழுதினது பலிச்சுடுச்சா? கேட்கவும் பயமாக இருந்தது. கேட்காமல் போகவும் முடியவில்லை.

“உன் வாக்கியம் தப்பு!”

நடையின் கோடியிலிருந்து குரல் வந்தது. லாரி டிரைவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடந்து வந்தார். மகளின் கையில் தண்ணீர் மாற்றிய ஜாடி; அதில் சுண்டுவின் அட்டை செருகியிருந்தது. நாலைந்து பூக்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஒன்று மட்டும் வீம்பாக நிமிர்ந்து நின்றது.

“நாள் மூணாச்சு. எண்ணிப் பாரு! டீச்சர்கிட்டச் சொல்லி மார்க்கைக் குறைக்கச் சொல்லு!”

“மாமா!” என்று சுண்டு கத்தினாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ஏய், இது ஆஸ்பத்திரி! சத்தம் போடாதே!” என்று நர்ஸ் அதட்டினாள்.

சுண்டுவைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.