எளிதில் எட்டும் இடம்

இன்ஸ்பெக்டரம்மாவின் வீடு தேடி வந்த அந்தப் பெண் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள்; நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. வலது முன்கையில் முழங்கை வரை நீளமாக ஒரு கீறல்.

“எங்க சலவைக்கூடத்து மெஷின்ல என் தம்பிக்கு ஷாக் அடிச்சு மூணு நாளாச்சுங்க. பிழைச்சுட்டான், பேச்சுதான் வரல. ‘அக்காக்காரி வேடிக்கை பார்த்துட்டு நிதானமா சுவிட்சை அணைச்சா’ன்னு முதலாளி ஊரெல்லாம் சொல்றாரு. தம்பி பொண்டாட்டி என்னை ஆஸ்பத்திரிக்குள்ளயே விடமாட்டேங்கிறா.”

“ஏன் உடனே அணைக்கல?” என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். முப்பது வருடம் மின்சாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“சுவிட்சுக்கு முன்னாடி பீரோ இருந்துச்சு. மறுநாள் அதிகாரிங்க வந்தப்ப இல்ல. என்னை யாரு நம்புறா?”

இன்ஸ்பெக்டரம்மாவின் வீட்டுக்காரர் தையற்காரர். துப்புத் துலக்குவது என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதற்குள் செருப்பையும் மாட்டிவிட்டார்.

சலவைக்கூடத்தில் தரை ஈரமாக இருந்தது. தம்பி மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை.

தையற்காரர் சுவிட்ச் இருக்கும் இடத்தை அளந்தார். “மெஷின்லேர்ந்து ஆறடி. நெஞ்சு உயரம். முன்னாடி ஒண்ணுமில்ல” என்றார். சொன்னவருக்கே முகம் தொங்கிப் போனது.

முதலாளி மின் பாதுகாப்பு விதிப் புத்தகத்தை விரித்தார். “‘சுவிட்ச் எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.’ எளிதில்னா என்னன்னு இதுல எங்கயாவது விளக்கம் இருக்கா? இல்ல. ஆறடி எட்டாதா? கையை விட்டு அணைக்க எவ்வளவு நேரமாகும்?”

இன்ஸ்பெக்டரம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார். சுவிட்சுக்குக் கீழே நான்கு வட்டத் துருக்கறைகள். “இது என்னங்க?”

“வாளி வெச்ச கறை” என்றார் முதலாளி.

“நாலு வாளியா?” என்றபடி தையற்காரர் எதிர்மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்கு ஓடினார். அதன் கால்களை அளந்தார், கறைகளை அளந்தார். “ஒரு நூல் பிசகல!”

“போன வருஷம் அங்க இருந்துச்சு. அப்பவே எடுத்துட்டேன்” என்றார் முதலாளி. அந்தப் பெண் சுவரில் சாய்ந்தாள்.

“இருக்கட்டும்” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “வெறும் சுவத்துல இருக்கிற சுவிட்சுக்குக் கையை நீட்டுவோம். நீங்க ‘கையை விட்டு’ன்னீங்க. கையை விடறது சந்துக்குள்ள. பீரோவை போன வருஷமே எடுத்துட்டீங்கன்னா அன்னைக்கு இங்க சந்து ஏது?”

முதலாளி கைக்குட்டையைத் தேடினார். பிறகு சட்டென்று குரலை உயர்த்தினார். “சரி, பீரோ இருந்துச்சு! அதனால என்ன? சந்துல கை போகுது, சுவிட்ச் எட்டுது. விளக்கமே இல்லாத வார்த்தைக்கு என் மேல எப்படிக் குத்தம் சொல்வீங்க?”

“விளக்கம் இல்லைன்னா இஷ்டத்துக்கு அர்த்தம் வெச்சுக்கலாம்னு இல்ல. நாலு பேர் பேசுற அர்த்தம்தான் அதுக்கும். விதியை எதுக்கு எழுதினாங்கன்னும் பார்க்கணும். உயிர் துடிக்கிறப்ப ஓடி வர்ற கைக்காக எழுதினது. நீங்க ‘எட்டும்’கிறதை மட்டும் படிச்சீங்க, ‘எளிதில்’கிறதை முழுங்கிட்டீங்க.” அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “அந்தக் கையைக் காட்டும்மா.”

அவள் கையை நீட்டினாள். “ரெண்டு தடவை விட்டேன், முழங்கைகிட்ட மாட்டிக்கிச்சு. தோல் போனா போகுதுன்னு மூணாவது தடவை தள்ளினேன். அப்பத்தான் விரல் பட்டுச்சு.”

இரும்பின் ஓரம் கிழித்த அந்தக் கீறலைத் தம்பி மனைவி முழங்கை வரை பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கைவிட்டுட்டீங்கன்னு நினைச்சேன், அண்ணி. மூணு நாளா அவர் வாசலையேதான் பார்த்துக்கிட்டிருக்காரு. யாரைத் தேடுறாருன்னு எனக்குப் புரியல. வாங்க, போகலாம்.”