எர்த் குழி

குப்புராஜின் வீட்டு வாசலில் சர்தார் சைக்கிளை நிறுத்தியபோது வெயில் இன்னும் தணியவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய வயல்களுக்கு நடுவே தனியாக நின்ற பழைய ஓட்டு வீடு அது. வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு கரும்புத் தோட்டம்தான் இருந்தது. கரும்புக்கு மேலே, புதிதாக நட்ட இரும்புக் கம்பங்களும் அவற்றில் ஓடும் மின்கம்பியும் தெரிந்தன.

"வாங்க பாய்" என்றாள் குப்புராஜின் மனைவி காவேரி. "அவரு கம்பைநல்லூர் சந்தைக்குப் போயிருக்கறாரு. அவரு இருந்தா ரேடியோவத் தொடவே வுடமாட்டாரு. அதான் இன்னிக்குப் பாத்து சொல்லியனுப்பிச்சேன்."

"என்னங்க ரிப்பேரு?"

"கரகரங்குது."

"கம்பியில கரண்ட் வுட்டதுல இருந்து எல்லா வூட்லயும் அப்பிடித்தாங்க. ரயில் போற வரைக்கும் இரையும், அப்பறம் நின்னுடும்."

"ரயில் போனா இரையறது எனக்கும் தெரியும் பாய்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது ரயிலே இல்லாதப்பவும் வருது. யாரோ நகத்தால சொரண்டற மாதிரி."

சர்தார் சிரித்துக்கொண்டான். கம்பியில் கரண்ட் விட்ட இந்த ஒரு மாதமாக இப்படி எத்தனையோ கதை கேட்டுவிட்டான். எஞ்சினின் தலைமேல் இருக்கும் சட்டம் கம்பியை உரசிப் பொறி பறந்தால் போதும், பாதையோரத்து ரேடியோ எல்லாம் ஒப்பாரி வைக்கும். ஊரே அந்த இரைச்சலைத் திட்ட, அவன் ரேடியோ ரிப்பேர் கடையில் மட்டும் கூட்டம். ஆனால் அந்தக் கம்பியை நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குப் பிடிக்காது. கம்பி இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவன் தம்பி நூர் பாஷா காணாமல் போனான்.

அதே வாரம் கான்ட்ராக்ட்காரரின் செம்புக் கம்பிச் சுருள்களும் காணாமல் போயின. ஊர் வாய்க்கு இது போதாதா? கம்பியைத் திருடி விற்றுவிட்டுப் பையன் பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போலீசும் அதையே சொன்னது. அம்மா அமீனா மட்டும் நம்பவில்லை. இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் இளையவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். அதைப் பார்த்தால் சர்தாருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டும், திருடன் என்ற பெயர் துடைக்கப்பட வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

கூடத்து அலமாரியில் இருந்தது பழைய வால்வு ரேடியோ. ஏரியல் கம்பி ஒன்று ஓட்டுக்கு மேலே போனது. எர்த் கம்பி ஒன்று ஜன்னல் வழியாகக் கொல்லைக்குப் போனது. சர்தார் ஏரியலைத் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். ரேடியோவுக்கு இவ்வளவு கனமான செம்புக் கம்பியை யாரும் கட்டமாட்டார்கள். இருக்கப்பட்டவர் வீடு, கட்டியிருப்பார் என்று விட்டுவிட்டான்.

ஸ்விட்சைப் போட்டதும் வால்வு மெல்லச் சூடேறியது. சூடான தூசியின் வாசனை வந்தது. ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ரயில் கடந்து போனது, ரேடியோ அலறி ஓய்ந்தது. பிறகு நல்ல அமைதி.

கரக். கரக்.

சர்தாரின் கை அப்படியே நின்றது.

கரக். கரக்.

இந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். அண்ணனும் தம்பியும் ஏரியல் கட்டப் போனால், நூர் பாஷா கூரைமேல் ஏறுவான், சர்தார் கீழே ரேடியோவிடம் நிற்பான். மேலேயிருந்து கத்தினால் கீழே கேட்காது. அதனால் கம்பியின் நுனியை பிளேடால் இரண்டு தடவை சுரண்டுவான் நூரு. அது ரேடியோவில் கரக், கரக் என்று கேட்கும். ஸ்டேஷன் வந்ததா என்று அர்த்தம். வந்திருந்தால் சர்தார் வாசலுக்குப் போய் "எறங்குடா" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் வரும்வரை நூரு சுரண்டிக்கொண்டே இருப்பான். இப்படி வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் அவர்கள் இருவர்தான்.

"கூரை மேல யாருங்க இருக்கறாங்க?"

"யாருமில்ல பாய்."

அவன் ஏரியலைக் கழற்றினான். ரேடியோவின் இரைச்சல் அடங்கியது. சுரண்டல் அடங்கவில்லை.

எர்த் கம்பியைக் கழற்றினான்.

நின்றுவிட்டது.

மறுபடி மாட்டினான். கரக். கரக்.

சத்தம் மேலேயிருந்து வரவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வருகிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டே அவன் கொல்லைக்குப் போனான். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் பூமியில் இறங்கியிருந்தது. அதைச் சுற்றி வெள்ளை பூத்த தரை, ஆள் நீளத்துக்கு. ஒரு புல்கூட முளைக்கவில்லை.

"இந்தக் குழிய யாரு வெட்னாங்க?"

"அவரேதான். போன வருசம் நான் பொறந்த வூட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா குழி வெட்டி மூடியிருக்குது. எர்த்துக்குன்னாரு. கரியும் உப்பும் போடணுமாம்." காவேரி தயங்கினாள். "மூட்ட மூட்டயா உப்பு கொட்டியிருந்தாரு. எர்த்துக்கு அத்தன உப்பா பாய் வேணும்?"

சர்தாருக்கு எர்த் கணக்குத் தெரியும். ஒரு முழம் அகலத்தில் குழி தோண்டி, ரெண்டு படி உப்பும் கொஞ்சம் கரியும் போட்டால் எர்த் ஆயிற்று. குப்புராஜ் ஊரை ஏமாற்ற எர்த் என்று சொன்னான். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று கம்பியை ரேடியோவில் மாட்டியும் வைத்தான். அங்கேதான் தப்பு செய்தான்.

கிணற்றடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சர்தார் வெட்டினான். கரி வந்தது, கட்டி கட்டியாக உப்பு வந்தது. அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் அடிப்பாகம் மட்டும் துருவே இல்லாமல், புதுப் பாத்திரம் போலத் தேய்ந்து மின்னியது.

அதைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது.

உப்பில் ஊறி, அழுகாமல், கருவாடாகக் காய்ந்த கை. விரல்களுக்கு நடுவே பாதி பிளேடு. மணிக்கட்டில் அம்மா கட்டிய தாயத்து.

"நூரு" என்றான் சர்தார்.

முதல் அடி பின்னாலிருந்து விழுந்தது. தோள் எலும்பு உடைந்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது. குழிக்குள் சரிந்து விழுந்தவன் திரும்பிப் பார்த்தான். சந்தையிலிருந்து திரும்பிய குப்புராஜ் கையில் கடப்பாரையோடு நின்றிருந்தான். கொல்லைக் கதவில் காவேரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கம்பிய எடுத்தது நானு" என்றான் குப்புராஜ். மூச்சு வாங்கியது. "ஏரியல் கட்டக் கூப்ட்டேன். கம்பியப் பாத்ததும் இது ரயில்வே கம்பின்னு கண்டுபுடிச்சிட்டான். மேல ஒக்காந்துக்கினு ரெண்டு ரெண்டு தடவ சொரண்டிக்கினே இருந்தான். அன்னிக்கு ஒனக்குக் காய்ச்சல், யார்கிட்டயும் சொல்லாம தனியா வந்திருந்தான். நான் எறங்குன்னு சொல்லல. அவனா எறங்கினான். ஏணியோட கடசிப் படியிலயே மண்டையில ஒண்ணு வெச்சேன்."

"அவன் யார்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டான்."

"நீ சொல்லுவியே."

கடப்பாரை உயர்ந்தது. இரண்டாவது அடி விலாவில் இறங்கியது. சர்தாரின் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மூன்றாவது அடி தலைக்குத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

கரக். கரக்.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

குப்புராஜின் கை அந்தரத்தில் நின்றது. "நிறுத்துடி அத" என்று கத்தினான்.

"பிளக்கப் புடுங்கிட்டேங்க" என்றாள் காவேரி. "அப்பவே புடுங்கிட்டேன்."

கரக் கரக். கரக் கரக்.

தூரத்தில் தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. கரும்புக்கு மேலே நீலப் பொறி தெறித்தது. வெட்டிப்போட்ட மண்ணில் கிடந்த எர்த் கம்பி தானாக நகர்ந்தது. குழிக்குள்ளிருந்து யாரோ இழுப்பதுபோல அது விறைத்து, குப்புராஜின் கணுக்காலில் சுற்றி இறுகியது.

அவன் குனிந்து கம்பியைப் பற்றினான்.

பற்றிய கை பிரியவில்லை.

ரயில் வந்துவிட்டது. பெட்டிக்குப் பெட்டி அவன் உடம்பு வில்லாக வளைந்து வளைந்து துள்ளியது. பற்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. உள்ளங்கைத் தோல் பொசுங்கிப் புகைந்தது, மயிர் கருகும் நாற்றம் கொல்லையை நிறைத்தது. கம்பி அவனைக் குழிக்கு இழுத்தது. முகம் உப்பில் தேய்ந்து, மூக்கும் உதடும் கிழிந்து, உப்பு சிவப்பானது.

"பாய்" என்றான் குப்புராஜ். அந்த வாயில் எப்படிப் பேச்சு வந்ததோ. "எறங்கச் சொல்லு பாய். நீ சொன்னா வுட்ருவான்."

சர்தாருக்கும் அது தெரியும். ஒரே வார்த்தைதான். அது நாக்கு நுனியில் இருந்தது.

அவன் அம்மாவின் தட்டை நினைத்துக்கொண்டான்.

வாயைத் திறக்கவில்லை.

கண் இரண்டும் பிதுங்கி, உடம்பு கடைசியாக ஒருமுறை உதறி அடங்கியது. ரயில் போய்விட்டது. சுரண்டல் மட்டும் பொறுமையாக, கேள்வி கேட்பதுபோல வந்துகொண்டிருந்தது. சர்தார் குழிக்குள் தவழ்ந்து, அந்தக் காய்ந்த கையின்மேல் தன் கையை வைத்தான்.

"ஸ்டேஷன் வந்துடுச்சுடா நூரு. எறங்குடா" என்றான்.

சுரண்டல் நின்றது. விரல்கள் குழாயை விட்டன.

பாதையோரத்துக் கம்பியில் கரண்ட் ஏறிச் செத்தான் என்று குப்புராஜின் கணக்கை முடித்தார்கள். திருடிய கம்பி அவன் வீட்டுக் கூரைமேலேயே இருந்தது, காவேரியும் கேட்டதைக் கேட்டபடி போலீசில் சொன்னாள். நூர் பாஷாவைப் பக்கத்து ஊரான அரூரில் அடக்கம் செய்தார்கள். அன்றிரவு அமீனா அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, விடியும்வரை அழுதாள். சர்தாரின் தோள் கோணலாகக் கூடியது.

ஊரைவிட்டுப் போகும் முன் காவேரி அந்த ரேடியோவைக் கடையில் கொண்டுவந்து வைத்தாள். "எங்கயும் போட மனசு வரல பாய். நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். சர்தார் வால்வுகளைக் கழற்றினான், ஸ்பீக்கரைக் கழற்றினான். பின்பலகையை ஆணியடித்து மூடி, வெறும் மரப்பெட்டியை மேல்தட்டில் ஏற்றிவிட்டான்.

ஆனால் ரயில் கடக்கும்போதெல்லாம் பெட்டி சுரண்டுகிறது.

இது நூரு அல்ல. இரண்டு தடவை சுரண்டிவிட்டு நிறுத்திக் கேட்கும் நிதானம் இதில் இல்லை. பத்து விரலும் சேர்ந்து பிறாண்டுகிற வெறி. முதலில் சர்தாருக்கு உள்ளூரத் திருப்தியாகத்தான் இருந்தது. கிட, அங்கேயே கிட என்று நினைத்துக்கொண்டான். எறங்கு என்று சொன்னால் நின்றுவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். இப்போது பயம் வேறு மாதிரி. சொன்னால் எங்கே இறங்குவான்?

போன வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போது பெட்டியின் அடியில் மரத்தூள் குவிந்திருந்தது. சர்தார் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான்.

முன்பலகையில், உள்ளிருந்து தேய்ந்து தேய்ந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.