ஆளுயர விளக்கு

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை. பகலவனோ பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். குவளையில் தண்ணீர் மொள்வதும் ஊற்றுவதும் தெளிவாகக் கேட்டன. ஆனால் கூடத்தில், அவன் பாதியில் விட்டுப்போன மரத்தண்டின் பக்கமிருந்து, சர்ர்... சர்ர்... என்று பொறுமையாக, யாரோ யாருக்கோ முதுகு சொறிந்துவிடுவது போல அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நிர்மலா கத்தியை வைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்த்தாள். சத்தம் நின்றது. உப்புத்தாள் தரையில் கிடந்தது.

மூன்று வாரமாக இந்த மரம்தான் அவள் புருஷனுக்கு எல்லாம். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு கொண்டுவரும் மினி லாரியை ஓட்டுபவன் அவன். ஒருநாள் கிழங்கு மூட்டைகளுக்கு மேலே ஒரு பலாக்கட்டையையும் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தான்.

“கரியாலூருக்கு அந்தாண்ட சின்னப்பையன்னு ஒருத்தரு குடுத்தாரு. காத்துல சாஞ்ச மரமாம். தெனம் அதாண்டதான் போய் ஒக்காந்துக்கினு இருப்பாராம். எப்பிடியாவது எடுத்துக்கினு போயிடுங்கன்னு அவரு பொண்டாட்டி கையெடுத்துக் கும்புட்டுது.”

“அத வெச்சி நீங்க இன்னா பண்ணப் போறீங்க?”

“ஆளு ஒயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு லைட்டு. போன்ல பாத்தேன். மூலையில நின்னா ஜோரா இருக்கும்.”

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மலையில் பெய்த மழை, கொண்டை ஊசி வளைவில் சிக்கிய பஸ் என்று எல்லாம் சொல்வான். இப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மரத்திடம் போனான். ஒயர் போவதற்குத் தண்டின் நடுவே துளை போட்டான். வட்டப் பலகையில் அதை நிறுத்தினான். நிர்மலா தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை எடுத்து, அந்த மஞ்சள் மரத்தில் மேலிருந்து கீழாக, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் தடவினான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் கை தன்மேல் அத்தனை மெதுவாகப் போனதில்லை என்று நினைத்தாள் நிர்மலா.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டுச் சுவரோரமாக நிறுத்தினான். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான். அவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. அவன் டேப்பை இழுத்து, பாதத்திலிருந்து உச்சிவரை அளந்தான். அப்புறம் தோளை.

“சரி, போ,” என்று மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேலே துணிக்கூண்டு மாட்டிப் பல்பைப் போட்ட அன்று, மூலையில் யாரோ முக்காடு போட்டு நிற்பது போலிருந்தது. பழுத்த பலாவும் தன் தலை எண்ணெயும் கலந்த வாசம் வீடெல்லாம் சுற்றியது. காலையில் மூலையில் நிற்கும் விளக்கு சாயங்காலம் அரையடி தள்ளி நின்றது. அவன் உட்காரும் நாற்காலிப் பக்கமாக.

“நகத்தி வெச்சீங்களா?”

“நானா? இல்லியே.” சிரித்தான். அவளைப் பார்த்து அல்ல.

வியாழக்கிழமை அவன் மலைக்குக் கிளம்பியதும் நிர்மலா ரம்பத்தை எடுத்தாள். மரம் எதிர்க்கவே இல்லை. அறுத்த இடம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று துண்டுகளையும் வெந்நீர் அடுப்பில் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். மயிர் கருகும் நாற்றம் வந்தது. வரட்டும். எல்லாம் சாம்பலாகும்வரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் நெஞ்சு லேசாக இருந்தது. மீன் வாங்கினாள். தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கே இருட்டி, கரண்டும் போய்விட்டது. குழம்பு கொதிக்கையில் லாரி வந்து நின்றது. கதவு திறந்தது. விளக்கு விழுந்து ஒடஞ்சிபோச்சு என்று சொல்லிவிடலாம். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூடத்து இருட்டில் அவன் குரல் கேட்டது.

“இன்னா, இருட்டுல தனியா நின்னுக்கினு கீற?”

யாரிடம்?

“கையி ஏன் இவ்ளோ ஜில்லுன்னு கீது? கிட்ட வா.”

டக். டக். சிமெண்டுத் தரையில் மரம் ஊன்றும் சத்தம். பிறகு அவன் சிரித்தான். கல்யாணமான புதிதில் அவளிடம் சிரித்த சிரிப்பு. பயத்துக்கு முன்னால் பொறாமைதான் அவளுக்குள் எரிந்து ஏறியது.

போனை எடுத்தாள். கூடத்துக்கு வந்தாள். டார்ச்சை அடித்தாள்.

பகலவன் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்மூடியிருந்தான். அவன் முடிக்குள் விரல்கள் கோதிக்கொண்டிருந்தன. நீளமான விரல்கள். மஞ்சள். வரிவரியாக. பின்னால் நின்றதற்குக் கழுத்து இருந்தது. தோள் இருந்தது. முகம் மட்டும் இன்னும் இழைக்காமல், செதிள் செதிளாக.

வெளிச்சம் பட்டு அவன் கண்ணைத் திறந்தான். அவளை நேராகப் பார்த்தான். அடையாளம் தெரியாமல் கண்ணைச் சுருக்கினான்.

“நிர்மலா,” என்றான், தலையைத் தூக்கிப் பின்னால் நின்றதிடம். “வூட்டுக்குள்ள யாரோ வந்து நிக்கிறாங்க, பாரு.”

அது மெல்லத் திரும்பியது. அந்த முகத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடி, வாயாகத் திறந்தது.

“யாரும்மா நீ?” என்று அவள் குரலில் கேட்டது. “இன்னா வேணும்?”