காணாமல் போய்த் திரும்பும் காளான்

வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். எலும்பு முறிவு மருத்துவமனையின் சமையலறையில் குளிர்பெட்டியைத் திறந்த தலைமைச் சமையல்காரர் அலறினார். நறுக்கி வைத்த காளான், தட்டோடு காணவில்லை.

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை. இவதான்!" பாத்திரம் கழுவும் பெண்ணை நோக்கி விரல் நீண்டது. "இன்னிக்கே சீட்டைக் கிழிக்கறேன்."

"சத்தியமா நான் தொடலைங்க. வேலை போச்சுன்னா பிள்ளைங்களோட எங்கே போவேன்?" அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சத்தம் கேட்டுச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். இடுப்பெலும்பு முறிந்து அங்கே சிகிச்சையில் இருப்பவர்.

"குளிர்பெட்டிப் பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லை சார்."

"சாவி?"

"ஒண்ணு என் இடுப்புல. ஒண்ணு வீட்டுல."

"வீட்டுல யாரு?"

"நானும் தங்கச்சியும். அவ இங்கேதான் நர்ஸ். அவளை இதுல இழுக்காதீங்க."

"முன்னாடி போன தட்டெல்லாம்?"

"கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துடுச்சு. ஒரு துண்டு குறையலை. லேசா வாடி, கதகதன்னு இருந்துச்சு."

"எந்தெந்த நாள்?"

"திங்கள், புதன், இன்னிக்கு."

"நடுவுல?"

"மழை கொட்டுச்சே. அந்த ரெண்டு நாளும் எதுவும் போகலை."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெயில் பளீரென்று அடித்தது.

"எல்லாரும் மொட்டை மாடிக்கு வாங்க."

லிஃப்ட் கதவு திறந்தது. உச்சி வெயிலில் தட்டு. வெள்ளை வெளேரென்று காளான் துண்டுகள். பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டு நர்ஸ்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"திருடன் திருப்பி வைப்பானா? மழைக்கு லீவு எடுப்பானா?" என்றார் இன்ஸ்பெக்டர். "எடுத்தவங்களுக்குக் காளான் வேணாம், வெயில்தான் வேணும். வீட்டுச் சாவியும் கையில இருக்கணும். ஆனா எதுக்கும்மா?"

"இங்கே பாதிப் பேருக்கு வைட்டமின் டி கம்மி சார். படுத்தவங்க வெயிலுக்கு வர முடியாது. அது இருக்கற மீனு, முட்டை மஞ்சக்கருவைச் சிலர் தொடவே மாட்டாங்க. காளானை நறுக்கி வெயில்ல வச்சா, நம்ம தோல் மாதிரியே அதுவும் வைட்டமின் டி உண்டாக்குது. அண்ணன்கிட்ட கேட்டேன். சமையக்கட்டை விட்டு வெங்காயத்தோல்கூட வெளியே போகாதுன்னு கத்துச்சு."

"அறுத்துப் போட்ட பிறகுமா உண்டாக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அறுத்த பிறகும்தான் சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். சிறு துண்டுகள் அசையாமல் சூரியனைக் குடித்துக்கொண்டிருந்தன.

"சர்வீஸ் முழுக்கச் செத்ததைத்தான் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "வெட்டின பிறகும் வேலை செய்யறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

சமையல்காரர் பாத்திரம் கழுவும் பெண்ணிடம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்."

பிறகு தட்டை உற்றுப் பார்க்க நெருங்கினார். அவருடைய நிழல் காளான்மேல் விழுந்தது. பதறிப்போய் விலகி நின்றுகொண்டார்.