சீட்டு ஒட்டாத தட்டு

மழை வந்ததால்தான் அவன் வந்தான். இல்லையென்றால் கல்பாக்கம் போகிற பைக்குக்குப் பூஞ்சேரி கூட்ரோட்டில் என்ன வேலை?

வேண்டாவின் பழைய சாமான் கடை முன்னால், தகரக் கூரையின் கீழ், சொட்டச் சொட்ட நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முதலில் தெரிந்தது கண்கள்... இமையெல்லாம் மழை. எதையும் அவசரமாகப் பார்க்கத் தெரியாத கண்கள். அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த இசைத்தட்டுகளைப் பார்த்தன.

வேண்டாவுக்குச் சுருக்கென்றது.

"உள்ள வந்து பாரு சார். பாக்கறதுக்குத் துட்டு இல்ல."

கோவளத்தில் ஒரு பங்களாவை இடித்தபோது மொத்தமாக வாங்கிய தட்டுகள். நூற்று நாற்பது. மூன்று வருடச் சேமிப்பு முழுக்க அதில்தான் போனது. பக்கத்தில் டிபன் கடை போட்டிருக்கும் அக்கா விஜயகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டு கேக்க போன் கீது. இத்த எவன்டி வாங்குவான்?" அன்றே முடிவு செய்துவிட்டாள் வேண்டா. விற்றுக் காட்டுவது... தலைகீழாக நின்றாவது விற்றுக் காட்டுவது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் துணியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள்.

அவன் ஒரு தட்டை விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினான். வெளிச்சத்துக்குச் சாய்த்தான். பிறகு... மோந்து பார்த்தான்!

"ஏங்க... தேங்காய் எண்ணெயா?"

"ஆமா. சும்மா ஜொலிக்குதுல்ல?"

"முறுக்கு சுடலாம். பாட்டு கேக்க முடியாது. எண்ணெயில தூசி ஒட்டிக்கும், ஊசி கரகரன்னு இழுக்கும். என்ன விலை?"

"ஆயிரத்தி ஐநூறு. எல்லாம் ஒரே ரேட்டு."

"இது தொண்ணூறு ரூபா பெறும்."

வேண்டாவுக்கு உச்சந்தலையில் ஏறியது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக வீட்டில் வைத்த பெயர் அவளுடையது. பெயர் வைத்தவர்களோடு சண்டை போட முடியாது. ஆனால் அவள் கையில் இருக்கும் பொருளை யாராவது மட்டமாகப் பேசினால் சும்மா விடமாட்டாள்.

"கொறச்சி பேசி அள்ளிகினு போலாம்னு பாக்கறியா? கெளம்பு சார், மழ வுட்டுச்சி."

மழை விடவே இல்லை. ஓவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அவன் போகவில்லை. அடுக்கிலிருந்து இன்னொரு தட்டை உருவினான். "இது நாலாயிரம் பெறும். ஆயிரத்தைநூறுக்குக் குடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம்."

ஏமாற்ற வந்தவன் விலையை ஏற்றுவானா?

அவன் பெயர் திருநாவுக்கரசு. தஞ்சாவூர்ப் பக்கம். கல்பாக்கத்தில் ஆராய்ச்சிக்கூட வேலை. இசைத்தட்டு சேர்ப்பவர்கள் கூட்டம் ஒன்று உண்டாம். அதில் யார் எதை வாங்கினாலும் இவனிடம் விலை கேட்பார்களாம். அவ்வளவு நீளப் பெயரை யார் கூப்பிடுவது... 'அரசு' என்று சுருக்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு குட்டி பிளேயரோடு வந்தான். இருவருமாகச் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவினார்கள்.

"கீறல் மேல நகத்தை இப்படி மெதுவா ஓட்டுங்க. நகம் மாட்டுச்சுன்னா ஊசியும் மாட்டும். விலை பாதியாயிடும்."

"மாட்டலன்னா?"

"அது வெறும் கோடு. பயப்பட வேணாம். இப்ப நடு ஓட்டையைப் பாருங்க. சுத்தி எவ்வளவு தேஞ்சிருக்கோ அவ்வளவு தடவை ஓடியிருக்கு. அப்புறம் அட்டை. கடைசியா, இது வேற எங்கயாவது கிடைக்குமான்னு யோசிக்கணும்."

பார்த்து முடித்ததும் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினான். குறை இன்னது, விலை இவ்வளவு. அந்த நாலாயிரம் ரூபாய்த் தட்டைச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். விஜயகுமாரி அதன்பிறகு தலையில் அடித்துக்கொள்ளவில்லை... அரசுக்கு மட்டும் ஒரு வடை சேர்த்து வைத்தாள்.

மூன்று சனிக்கிழமைகள். மழையும் தவறவில்லை, அவனும் தவறவில்லை. வெள்ளிக்கிழமையே வேண்டா வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். இது எங்கே போய் முடியுமோ...

மூன்றாவது வாரம், அவன் பேனாவை மூடப்போகும் நேரத்தில், விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஒலகத்துக்கே சீட்டு எழுதற... எனக்கொண்ணு எழுதேன். கொற இன்னா, நெற இன்னான்னு."

அவன் சிரிக்கவில்லை. பேனா மூடியை அழுத்தி மூடினான்.

"மாட்டேன்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவனுக்கு வாங்கிய டீயை வேண்டா வாசலில் கொட்டினாள். 'அந்தத் தொண்ணூறு ரூபா தட்டுக்குக் கூட எழுதினானே... நான் அதுக்கும் பெறமாட்டேனா?'

சாயங்காலம் மீதித் தட்டுகளை அடுக்கும்போது அடியில் ஒன்று தட்டுப்பட்டது. நாகஸ்வர இசைத்தட்டு. புதுப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது, அவன் போட்டதுதான். எல்லாவற்றிலும் சீட்டு இருந்தது; இதில் மட்டும் இல்லை.

ஓகோ! கதை இப்படிப் போகிறதா? ஒளித்து வைத்துவிட்டு, நல்லவன் மாதிரி வேஷம்!

ஞாயிறு காலையில் தட்டை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுகையாக வந்தது. அழவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து அவனுக்கே ஒரு சீட்டு எழுதினாள். 'கமுக்கம். கல்மனசு. சிரிக்கத் தெரியாது. விலை: ஓட்டக் காலணா.'

அவனுடைய குடியிருப்பு வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு அவனைப் போனில் வரச்சொன்னாள். தூறலில் ஓடி வந்தான்.

"இன்னா இது? இதுக்கு மட்டும் ஏன் வெல போடல? நைசா அமுக்கிக்கலாம்னு பாத்தியா?"

"இல்லைங்க... அது எனக்கு வேணும்."

"அப்ப கமுக்கமாதான..."

"கேளுங்க. நான் விலை போட்டதை நான் வாங்கமாட்டேன். ஆசைப்படுற எதுக்கும் விலை போடமாட்டேன். ஆசை வந்துட்டா கண்ணு பொய் சொல்லும். ஒண்ணு, கீறலே தெரியாது... இல்ல, இல்லாத கீறலைத் தேடும்." மூச்சு வாங்கினான். "எங்க ஊர்க் கோயில் நாகஸ்வரக்காரர் வாசிச்சது. வாழ்க்கையில ஒரே ஒரு ரெக்கார்டு. ஒன்பது வருஷமாத் தேடறேன். விலை நீங்கதான் சொல்லணும். நீங்க கத்துக்கிட்டா நீங்களே சொல்லுவீங்கன்னுதான்..."

வேண்டா அவனையே பார்த்தாள். அன்றைக்கே ஆயிரத்து ஐநூறுக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே! இதற்காகவா மூன்று வாரம் கற்றுக் கொடுத்தான்?

நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உறையை எடுத்தாள். விளிம்பில் பிடித்து, மேக வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். நகத்தை ஓட்டினாள். நடு ஓட்டையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது பக்கம் ஒரு எடத்துல நகம் மாட்டுது. அட்ட முன கிழிஞ்சிகீது. அதிகம் ஓடல. எங்கயும் கெடைக்காது." ஒரு நொடி யோசித்தாள். "மூவாயிரத்தி எரநூறு. ஒரு ரூபா கொறையாது... ஒரு ரூபா ஏறாது."

"நியாயம்," என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பிறந்தது போல இருந்தது.

தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்போதுதான் அவள் புத்தியில் பொறி தட்டியது.

"இரு இரு... இப்ப இன்னா சொன்ன? ஆசப்படுறதுக்கு வெல போடமாட்டியா?"

"ஆமா."

"நேத்து எனக்கு ஏன் சீட்டு எழுதல?"

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. தூறலைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் இந்த முறை அவளைத் தாண்டிப் போகவில்லை.

"அதே காரணம்தான், வேண்டா... மொத நாள் மழையிலேர்ந்து."

பஸ் ஒன்று வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. வேண்டா கைப்பையிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தாள்.

"ஒனக்கு நான் ஒரு சீட்டு எழுதிகினு வந்தேன்யா. கொறையெல்லாம் வரிசையா."

"குடுங்க."

"மாட்டேன்." தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது... சிரிப்பும் வந்துவிட்டது. "பஸ்ஸுல வரசொல்ல கொறையெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிது. இப்ப ஒரு கீறல் கூடத் தெரியல..."