சுவர் கட்ட நாலரை ஆள்

முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எட்டாம் வகுப்பில் அதற்குள் வேலை மும்முரமாக நடந்தது. படிக்கிற வேலை இல்லை, காப்பி அடிக்கிற வேலை.

குருவியும் பக்கத்தில் இருந்த பஞ்சுவின் நோட்டைப் பார்த்து விறுவிறுவென்று எழுதினாள். சின்ன உருவம், ஓயாத பேச்சு, அதனால் அவள் குருவி. திடீரென்று அவள் பேனா நின்றது.

ஆறு பேர் எட்டு நாளில் கட்டும் சுவரை ஆறே நாளில் முடிக்க எத்தனை பேர் வேண்டும்? விடை: நாலரை ஆள்.

“அந்த அரை ஆள் யாருடி?”

“எனக்கென்ன தெரியும்? கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதினேன். அவ தப்பாப் போடுவாளா?” என்றாள் பஞ்சு.

கம்ப்யூட்டர் என்று பேர் வாங்கியவள்தான் வகுப்பில் முதல் மார்க். குருவி அவளிடம் போய் மெல்லக் கேட்டாள்.

கம்ப்யூட்டரின் முகம் வாடியது. “எங்க அண்ணன் செல்போனைப் பார்த்துக்கிட்டே சொன்னான். எனக்கு இந்தப் பாடமே புரியலடி.”

“டீச்சர்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“உனக்கே புரியலையான்னு எல்லாரும் சிரிப்பீங்க. வெளியே சொல்லிடாதே, ப்ளீஸ்.”

குருவிக்குப் பாவமாக இருந்தது. அவளும் அதே பயத்தில்தான் இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் வந்தார். “நேத்து நடத்தினது புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்,” என்று வகுப்பே ராகம் பாடியது.

“அப்போ நாளைக்கு டெஸ்ட்.”

குருவி எழுந்து நின்றாள். “எனக்குப் புரியல டீச்சர். வீட்டுக் கணக்கையும் காப்பிதான் அடிச்சேன்.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

“யாரைப் பார்த்து?” என்றார் டீச்சர்.

கம்ப்யூட்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதைச் சொல்ல மாட்டேன் டீச்சர். திட்டுறதுன்னா என்னையே திட்டுங்க. ஆனா பாடத்தை இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்க.”

கம்ப்யூட்டர் மெல்ல எழுந்தாள். “எனக்கும் புரியல டீச்சர்.”

சிரித்த பெஞ்சு சட்டென்று அடங்கியது. அடுத்து பஞ்சு எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எழ, கடைசியில் சிரித்தவனும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இத்தனை பேரா? ஏன் யாரும் சொல்லலை?”

“நீங்க புரிஞ்சுதான்னு கேட்டீங்க. புரிஞ்சுதுன்னு சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்,” என்றாள் குருவி.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டெஸ்ட்டைத் தள்ளிவைத்தார். பலகையைத் துடைத்துவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மறுநாள் பாடம் முடிந்ததும் அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். “யாருக்கெல்லாம் புரியல?”

முதலில் உயர்ந்தது கம்ப்யூட்டரின் கை. யாரும் சிரிக்கவில்லை.