ஏழாம் படுக்கையின் தலைமாடு

கொம்பனின் தம்பியை மதியம் மூன்று மணிக்கு முதுகெலும்பு வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்திருந்தது. ஆனால் கால் பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. அந்த அசைவில்தான் கொம்பன் உயிரை வைத்திருந்தான். காலியாக இருந்தது ஏழாம் படுக்கை ஒன்றுதான். அதைப் பார்த்ததும் வேறு படுக்கை கேட்டு நர்ஸிடம் மன்றாடினான்; தம்பியை அதில்தான் கிடத்தினார்கள்.

கொம்பன் அந்த வார்டிலேயே உதவியாள், வாட்டசாட்டமான ஆள். படுத்தவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதற்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். 'மூணு' என்றதும் மற்ற மூவரும் உடம்பைக் கட்டைபோல ஒரே வீச்சில் புரட்டுவார்கள். போன மாதம் ஏழில் ஒரு லாரி டிரைவர் கிடந்தார். கொம்பனுக்கு ஆள் கூப்பிடச் சோம்பல். இவர்தான் பெரிய கொம்பன் ஆயிற்றே, ஒற்றை ஆளாகப் புரட்டினான். பிடிக்க ஆளில்லாமல் தலை தொங்கியது. சடக். டிரைவர் அவனைப் பார்த்தபடியே மூச்சுமுட்டிச் செத்தார். தூக்கத்தில் போய்விட்டார் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டான்.

ஐந்து மணி. தம்பியின் தலையை யாருக்கும் தரமாட்டேன் என்று அடம்பிடித்து அவனே பிடித்தான்.

"ஒண்ணு..."

டீசலும் பழைய ரத்தமும் கலந்த வாடை.

"ரெண்டு..."

தம்பி கிசுகிசுத்தான். "அண்ணா, உன் கைமேல யாரு கை?"

ஜில்லென்று எதுவோ அவன் விரல்களை நசுக்கியது. நகம் பிளந்து ரத்தம் தம்பியின் காதில் வழிந்தது. தம்பியின் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

திருப்பியது கொம்பன் இல்லை.

பெருவிரல் துடித்தது. நின்றது.

பாவி, அப்போதுதான் வாயைத் திறந்தான். "நான்தான் உன்னைத் தனியாப் புரட்டிக் கொன்னேன். அவனை விட்டுடு."

பிடி விட்டது.

நர்ஸ் பாய்ந்து தலையைப் பிடித்தாள். தம்பியின் கால் பெருவிரல் மறுபடி அசைந்தது. ஆனால் அந்தக் குளிர் கொம்பனின் முழங்கை ஏறி, தோள் ஏறி, தாடைக்கு வந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் அவன் முகம் ஒரே முறுக்கில் தோளைத் தாண்டித் திரும்பியது.

சடக்.

தம்பி நாலு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனான். ஏழாம் படுக்கையில் இப்போது கொம்பன் கிடக்கிறான், கண் மட்டும் அசையும். இரண்டு மணிக்கொரு தடவை நாலு பேர் வருகிறார்கள். நர்ஸ் தலைமாட்டில் நின்று ரெண்டு வரைதான் எண்ணுகிறாள்.

'மூணு' என்கிற குரல் அவளுடையது இல்லை.